சுலோசனா பிரான்சுக்குப் போய் வந்தது

1956ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு காலை, சுலோசனா நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து நடந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவள் இடது காலில் செருப்பு இல்லை. வாசல் கூட்டிக்கொண்டிருந்த அன்னக்கிளிதான் அதைப் பார்த்தாள்.

"என்னா மதாம், ஒத்தக் கால்ல செருப்போட வர்றீங்க?"

சுலோசனா குனிந்து பார்த்தாள். செருப்பு வழியில் எங்கோ கழன்று விழுந்திருந்தது. அதற்குப் பிறகு மிதித்த கல்லும் மண்ணும் அந்தக் காலுக்குத் தெரியவே இல்லை. உள்ளங்காலில் ஏதோ கிழித்து, வந்த ரத்தம் புழுதியோடு காய்ந்துகூடப் போயிருந்தது. அவள் அன்னக்கிளியிடம் சிரித்து மழுப்பிவிட்டு வகுப்புக்குப் போனாள். அன்று முழுவதும் மேசைக்கு அடியில் அந்தக் காலை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. அரியாங்குப்பத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அண்ணன் ராஜாங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போய், பிறகு பிரான்சில் மார்சேயிலேயே தங்கிவிட்டவன். அவன் பிடிவாதத்தால்தான் சுலோசனா பிரெஞ்சு படித்தாள், பரீட்சை தேறினாள், பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லும் மதாம் ஆனாள். உறவு விட்டுப்போகக் கூடாது என்று அவளை அத்தை மகன் கன்னியப்பனுக்குக் கட்டிவைத்தார்கள். கன்னியப்பன் முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டர். அதிகம் பேசாதவன். வீட்டில் இவர்கள் இருவரையும் தவிர அவன் தங்கை அஞ்சலாட்சி மட்டும்தான். பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளையில்லை.

செருப்புக்கு முந்தைய வருஷம் சுலோசனாவுக்கு வலது கண்ணில் புகை படர்ந்தாற்போல் மங்கலாகி, மூன்று வாரத்தில் தானாகவே தெளிந்திருந்தது. இப்போது காலும் அப்படித்தான். புரட்டாசி வாக்கில் உணர்ச்சி திரும்பிவிட்டது. அஞ்சலாட்சி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்; கூழ் ஊற்றினார்கள். அடுத்த வருஷம் கையில் வந்தது. சுண்ணக்கட்டி விரலிலிருந்து நழுவி விழும். அதுவும் போயிற்று. போனபோதெல்லாம் கடைசியாக என்ன செய்தார்களோ அதுதான் குணப்படுத்தியது என்று நம்பினார்கள். ஒரு தடவை வைத்தியர் கொடுத்த தைலம், ஒரு தடவை சர்க்கரை போடாத காப்பி.

1958 மார்ச்சில் அவள் வகுப்பறையில் விழுந்தாள். இரண்டு காலும் ஒன்றாகப் போய்விட்டது. கன்னியப்பன் ஆலையிலிருந்து எண்ணெய்க் கையோடு ஓடிவந்தான். இந்த முறை போனது முழுதாகத் திரும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற வயதான டாக்டர் ஒருவர் ஊரில் இருந்தார். கன்னியப்பன் அவளை ரிக்‌ஷாவில் வைத்து அங்கே கூட்டிப்போனான். டாக்டர் ஒரு மணி நேரம் பார்த்தார். முழங்காலில் தட்டினார், உள்ளங்காலில் சாவியால் கோடிழுத்தார், கண்ணுக்குள் விளக்கடித்தார். பிறகு படித்த பெண் என்பதால் அவளிடமே நேராகப் பிரெஞ்சில் சொன்னார். ஸ்க்லெரோஸ் ஆன் பிளாக், மூளையிலும் முதுகுத்தண்டிலும் நரம்பு அங்கங்கே கெட்டுப்போகும் நோய். பிரான்சில், துலோனில் இருந்தபோது நாலைந்து பேரைப் பார்த்திருப்பதாகவும், இந்த ஊரில் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதாகவும் சொன்னார்.

"வரும், போகும். பிறகு ஒரு நாள் போகாமல் தங்கிவிடும். மருந்து இல்லை, மதாம்."

"பிரான்சில்?"

"அங்கேயும் இல்லை. பயிற்சி கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. மிச்சமிருக்கும் பலத்தைக் கொஞ்ச காலம் காப்பாற்றித் தருவார்கள். குணப்படுத்த மாட்டார்கள்."

பக்கத்தில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கன்னியப்பனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவன் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா சொல்றாரு?"

சுலோசனா அவன் முகத்தைப் பார்த்தாள். "நரம்பு பலவீனமாம் மாமா. பிரான்சுல இதுக்குன்னு எடம் இருக்காம். பயிற்சி குடுத்து நடக்க வெப்பாங்களாம்."

அவள் சொன்னதில் முழுப் பொய் என்று எதுவும் இல்லை. மற்றதை விட்டுவிட்டாள். அந்த நிமிஷம் அவளுக்கு நடக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் கன்னியப்பன் தங்கையைக் கூப்பிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல, நடக்க வெச்சிடலாமாம்" என்று சொன்னதைக் கேட்ட பிறகு சொல்ல முடியாமல் போயிற்று.

ராஜாங்கத்துக்கு எழுதினார்கள். அவன் விசாரித்து எழுதிய பதிலில் எல்லா விவரமும் இருந்தது. மலைப்பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையம். பட்டாளத்துக்காரனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் இலவசம், தங்கைக்கு இல்லை. ஆறு மாதமாவது இருக்க வேண்டும். அங்கே ஒரு நாளைக்கு ஆகும் செலவு சுலோசனாவின் எட்டு நாள் சம்பளம். போகிற கப்பலுக்குத் தான் கட்டிவிடுவதாகவும், அதற்கு மேல் தன்னால் முடியாது என்றும், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தான்.

விற்பதற்கு இருந்தது வீடு ஒன்றுதான். அதில் சரிபாதியைக் கன்னியப்பனின் அப்பா மகள் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். அவள் கல்யாணத்துக்கு வேறு எதுவும் கிடையாது. அப்போது அஞ்சலாட்சிக்கு இருபத்திரண்டு வயது. வில்லியனூரிலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்திரம் பதிகிற நொத்தேர் அலுவலகத்தில் விற்பனைப் பத்திரத்தைப் பிரெஞ்சில் வாசித்தார்கள். பெண்ணுக்குத் தமிழில் சொல்லுங்கள் என்று நொத்தேர் சுலோசனாவைப் பார்த்துச் சொன்னார். அவள் ஒரு வரி விடாமல் சொன்னாள். "இதுல கையெழுத்துப் போட்டா அந்த வீட்டுல ஒனக்கு இனிமே ஒரு பாத்தியதையும் கெடையாது, அஞ்சல. அப்படின்னு எழுதியிருக்கு."

"தெரியுது அண்ணி. நீங்க நடந்து வந்தா போதும். எனக்கு என்னா இப்ப அவசரம்?"

அஞ்சலாட்சிக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான். அதை நிதானமாக எழுதினாள். வீட்டை வாங்கியது துணிக்கடை சிராஜுதீன். நியாயமான விலைதான் கொடுத்தார். காலி செய்ய மூன்று மாதம் தவணையும் தந்தார். வில்லியனூர்க்காரர்கள் அதன் பிறகு ஆளனுப்பவில்லை.

வெளிநாட்டுப் பணத்துக்கு அனுமதி வாங்கவே கன்னியப்பன் நாலு தடவை சென்னைக்குப் போய்வந்தான். கடைசியில் 1959 பிப்ரவரியில் தனுஷ்கோடிவரை கூடப்போய், கப்பலேற அவளைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தான். மார்சேய்க்குப் போகும் ஒரு பென்ஷன்காரர் குடும்பம் துணைக்குக் கிடைத்திருந்தது. படகுத் துறையில் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பணம் போதலைன்னா எழுது. அதுக்காவ பாதியில வந்துடாத."

மார்சேயில் இறங்கியபோது குளிர் எலும்பில் குத்தியது. ராஜாங்கம் கம்பளி மேலங்கியோடு வந்திருந்தான். ஆனால் அந்தக் குளிரில் அவள் கால்கள் என்றைக்குமில்லாத அளவுக்குச் சொன்னபடி கேட்டன. கப்பல் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினாள். ஊர் மண்ணே ராசி என்று நினைத்தாள்.

பயிற்சி நிலையம் பழைய மாளிகை ஒன்றில் இருந்தது. அங்கே முதலில் கற்றுக்கொடுத்தது விழுவதற்கு. மெத்தையைத் தரையில் போட்டு, அகன்ற தோள்கொண்ட ஒரு அம்மாள் அவளைத் திரும்பத் திரும்ப விழச் செய்தாள். கையை முன்னால் நீட்டாதே, தோளை உள்ளே மடக்கு, உருண்டு போ. பிறகு எழுவதற்கு. பிறகு இரண்டு கட்டைகளுக்கு நடுவே நடப்பதற்கு. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு அதில் கால் இலகுவாகும். சுலோசனாவுக்கு மட்டும் அதில் இறங்கியதும் கால் துவண்டது. ஏன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. தொட்டி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ரொட்டிக்கடைக்காரர் மனைவி ஒருத்தி இருந்தாள். நாற்பது வயது இருக்கும். அதே நோய். பார்வை முக்கால்வாசி போயிருந்தது. அவளுக்குச் சுலோசனா தினம் பத்திரிகை வாசித்துக் காட்டுவாள். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், இன்று ஒரு கைத்தடியோடு தாழ்வாரம் முழுக்க நடந்துவிட்டேன் என்று சுலோசனா சொன்னபோது, அந்த அம்மாள் போர்வையைத் தடவிக்கொண்டே, "முதல் தடவை எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கும்" என்றாள். அவள் வந்திருப்பது நாலாவது தடவை.

மே மாதக் கடைசியில் சுலோசனா யார் கையையும் பிடிக்காமல் பதினோரு படி ஏறினாள். அன்றைக்கே வீட்டுக்குக் கடிதம் எழுதினாள். அஞ்சலாட்சி அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர். மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"இந்த முன்னேற்றம் பயிற்சியால் வந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, மதாம். இந்த நோய் தானாகவே சில மாதம் இறங்கும். நீங்கள் ஊரிலேயே இருந்திருந்தாலும் இறங்கியிருக்கலாம்."

சுலோசனா கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூட்டில் மட்டும் இருக்காதீர்கள். சுடுதண்ணீரிலேயே உங்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தோம். உங்கள் ஊரில் வெயில் எப்படி?"

அவள் சொன்னாள். சித்திரை, வைகாசி, காற்றில்லாத பகல், கடல்காற்று வராத நாளில் வீட்டுக்குள் இருக்கும் புழுக்கம். டாக்டர் பேனாவை மூடிவைத்தார். பிறகு மெதுவாக, "இங்கேயே தங்க வழியிருக்கிறதா?" என்று கேட்டார். வழி இல்லை. கொண்டுவந்த பணத்தில் இன்னும் பன்னிரண்டு நாளுக்குத்தான் மிச்சம் இருந்தது.

கப்பல் செங்கடலுக்குள் வந்தபோது ஆகஸ்ட் மாதம். அவளுக்குக் கொடுத்திருந்த அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இயந்திரத்துக்குப் பக்கத்தில். இரும்புச் சுவரில் கை வைக்க முடியாது. இரண்டாம் நாள் கைத்தடி போதவில்லை. நாலாம் நாள் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை. கண்ணிலும் பழைய புகை வந்தது. ஏடன் துறையில் கப்பல் நின்றபோது மற்றவர்கள் மேல்தளத்துக்குப் போய் ஊரைப் பார்த்தார்கள். அவள் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்து, பதினோரு படியையும் மனத்துக்குள் ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தாள். கற்றுக்கொண்டது எல்லாம் ஞாபகம் இருந்தது. கேட்பதற்குத்தான் கால் இல்லை.

தனுஷ்கோடியில் கன்னியப்பனும் அஞ்சலாட்சியும் காத்திருந்தார்கள். அஞ்சலாட்சி அண்ணிக்கென்று புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தாள். கொழும்பு வழியாக வந்த பயணிகள் எல்லோரும் படகிலிருந்து இறங்கி முடித்த பிறகு, இரண்டு மாலுமிகள் அவளை நாற்காலியோடு தூக்கி வந்து மணலில் வைத்தார்கள். கன்னியப்பன் அவளுக்குப் பின்னால் பார்த்தான். வேறு யாரோ நடந்து வரப்போவதைப் போலப் பார்த்தான்.

"கப்பல் ஒத்துக்கல மாமா" என்றாள் சுலோசனா.

"சரி. வா" என்று அவன் குனிந்து அவளை முதுகில் தூக்கிக்கொண்டான்.

இப்போது அவர்கள் மூலக்குளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தகரம். பிரான்சில் சுவர் நெடுகக் கைப்பிடிக் கட்டை இருந்தது. இங்கே பிடித்தால் மண் உதிர்ந்தது. அங்கே உட்கார உயரமான கக்கூஸ். இங்கே கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முதல் மாதம் அவள் பாயை விரித்து, கற்றுக்கொண்டபடி உருண்டு எழுந்து பார்த்தாள். அஞ்சலாட்சி இரண்டு பக்கமும் கயிறு கட்டி நடைபாதை செய்து கொடுத்தாள். ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் தேறியது போலிருந்தது. பத்து அடி நடந்தாள். பங்குனியில் அதுவும் போனது. பள்ளியிலிருந்து வேலை முடிந்துவிட்டதாகக் காகிதம் வந்தது.

1960 மே மாதத்தில் கன்னியப்பன் ஆலைக் கடனுக்கு எழுதிப்போடப்போவதாகச் சொன்னான். மறுபடியும் அனுப்பலாம் என்று அவனுக்கு யோசனை. கப்பலில்தான் கெட்டது, குளிர்காலத்தில் கூட்டிவந்தால் கெடாது என்று நினைத்தான். பிற்பகல் நேரம். அஞ்சலாட்சி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் மாமா. எழுதாதீங்க" என்றாள் சுலோசனா. "அந்த டாக்டரு அன்னிக்கே சொன்னாரு. இது குணமாவாது. அங்க போனாலும் குணமாவாதுன்னு சொன்னாரு. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல."

கன்னியப்பன் அவளையே பார்த்தான். "எந்த டாக்டரு?"

"மொத டாக்டரு. நீங்க பக்கத்துல ஒக்காந்திருந்தீங்க."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து வெளியே போனான். அஞ்சலாட்சியின் கையில் விசிறி நின்றுவிட்டிருந்தது.

"அண்ணங்கிட்ட சொல்லாட்டி போவுது அண்ணி. என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பியா?"

"தெரியல" என்றாள் அஞ்சலாட்சி. பிறகு மறுபடியும் விசிறத் தொடங்கினாள். அந்தத் ‘தெரியல’ என்பதைத்தான் சுலோசனாவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பிற்பாடு அன்னக்கிளி பார்க்க வந்தபோது சொல்லி அழுதாள்.

கன்னியப்பன் பதினெட்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்ததும் வழக்கம்போல் அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவான், உடம்பு துடைத்துவிடுவான், புடவை மாற்றுவான். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொள்வான். பத்தொன்பதாம் நாள், "தண்ணி வேணுமா?" என்று கேட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதைப் பற்றி அவன் பிறகு ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

1961 தை மாதத்தில் தவளக்குப்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. கலியபெருமாள் என்று மளிகைக் கடைக்காரர். மனைவி இறந்து இரண்டு பிள்ளைகள். நகை, பணம் எதுவும் கேட்கவில்லை. அஞ்சலாட்சி முடியாது என்றாள். "நான் போயிட்டா இவங்கள யாரு பாக்கறது?"

சுலோசனா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். அப்போது அவளுக்கு வலது கை மட்டும்தான் தூக்க வந்தது. அந்தக் கையால் அஞ்சலாட்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன் பங்கு வீட்ட எடுத்துக்கிட்டேன். ஒன்னையும் வெச்சிக்கிட்டா நான் எப்படி சாவறது? போ அஞ்சல."

அஞ்சலாட்சி போனாள். அடுத்தவள் பிள்ளைகளை வளர்க்கவும் கடையில் உட்காரவும் அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. முதலில் வாரம் ஒரு தடவை வந்தாள், பிறகு மாதம் ஒரு தடவை. வரும்போது அழுவாள். போகும்போது அவசரமாகப் போவாள்.

கன்னியப்பன் காலையில் கஞ்சி ஊட்டிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவான். ஆலையில் கெஞ்சி, மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓடிவர அனுமதி வாங்கியிருந்தான். அதற்காக ஃபிட்டர் வேலையிலிருந்து அவனைக் கூலி குறைந்த வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை தகரம் காய்வதை அவள் கேட்டுக்கொண்டு கிடப்பாள். ஒரு நாள் குவளை கை பட்டுக் கவிழ்ந்தது. தண்ணீர் தரையில் ஓடி மண்ணில் உறிஞ்சிப்போவதைப் பார்த்துக்கொண்டே நாலு மணி நேரம் கிடந்தாள். முதுகில் புண் வைத்தது.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஊர் 1962 ஆகஸ்டில்தான் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. வேண்டுமென்பவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம், ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். ராஜாங்கம் கடிதம் போட்டான். பிரெஞ்சுக் குடிமகளாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தால் இப்போது அங்கே செலவில்லாமல் பார்க்க வழியிருக்கலாம் என்று எழுதியிருந்தான். கன்னியப்பன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வரிசையில் நின்று அந்தப் படிவத்தை வாங்கி வந்தான். பிரெஞ்சில் இருந்ததால் அவள் கண்ணுக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னா எழுதியிருக்கு? சொல்லு."

எழுத்துகள் அவளுக்குக் கோடுகளாகத்தான் தெரிந்தன. "கண்ணு தெரியல மாமா."

"வேற யாருகிட்டயாவது குடுத்து எழுதிக்கலாம்."

"என்னைய எந்தக் கப்பல்ல ஏத்துவீங்க? இந்தப் புண்ணோட ஏத்திப்பாங்களா? ஏத்திக்கிட்டாலும் செங்கடல்ல என்னத் தூக்கிப் போட்டுட்டு நீங்க மட்டும்தான் போய்ச் சேருவீங்க."

"குளிர்காலமாப் பாத்துப் போனா…"

"எங்க போனாலும் இது கூடவேதான் வரும். அன்னிக்கு நான் ஒங்களுக்கு அர்த்தம் சொல்லாம வுட்டது அதுதான்."

கன்னியப்பன் படிவத்தை நாலாக மடித்தான். கிழிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் போகவில்லை. ராஜாங்கத்துக்குப் பதில் எழுத அவனுக்கு வரவில்லை. எழுதித் தர அவளுக்கு வலது கையும் போயிருந்தது. மார்கழியில் அவளுக்குச் சோறு விழுங்குவதும் சிரமமானது. குழையக் கரைத்து ஸ்பூனால் கொடுத்தான். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு அவளைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினான்.